எந்தப் பங்கிலிருந்து கொடுக்கிறோம்?

சென்ற மாதம் ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். “வீட்டுச் செலவுக்கு அவர் தர்ற பணத்துல மிச்சம் பிடிச்சு, மாசம் 500 ரூபாய் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துட்டு வர்றேன். சம்பாதிக்கிறது அவர், கொடுக்கிறது நான். அப்போ அந்தப் புண்ணியம் யாருக்கும்மா? எனக்கா, அவருக்கா?”

கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. எந்தக் கிழமையில் எதைத் தானம் செய்தால் என்ன பலன் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அமாவாசைக்கு என்ன, ஆடி வெள்ளிக்கு என்ன, சனிப் பெயர்ச்சிக்கு என்ன என்று பட்டியலே நமக்கு மனப்பாடம். ஆனால், கொடுக்கிற பொருள் யாருடைய பங்கிலிருந்து எடுத்தது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. அந்த வாசகி கேட்டுவிட்டார்!

பங்கு என்ற சொல்லின் எடை தெரிய வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். வாருங்கள், தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கிற தருவைகுளம் வரைக்கும் போய்வரலாம். ‘தருவை’ என்றால் மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. இதே மாவட்டத்தில் புத்தன்தருவை என்றும் ஓர் ஊர் உண்டு. தருவைகுளத்தில் ஒருபுறம் கடல். சுற்றுவட்டாரத்தில் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். ஊருக்குக் காவலாக அதிதூதர் மிக்கேல் ஆலயம். செவுள்வலை போட்டு மீன் பிடிக்கிற ஊர். படகு ஏறினால் ஆழ்கடலில் பல நாட்கள் தங்கித்தான் கரை திரும்புவார்கள்.

படகு வந்ததும் மீன் ஏலம் போகும். டீசல், ஐஸ்கட்டி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் முதலில் கழியும். மிஞ்சுவது படகுக்காரருக்கும் கடலில் உழைத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். யாருக்கு எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனாலும் அங்கே ‘சம்பளம்’ என்பதைவிட ‘பங்கு’ என்பதே பேச்சு. மீன் பட்டால் எல்லோருக்கும் உண்டு. படவில்லையென்றால் எல்லோருக்கும் இல்லை.

முத்துக்குளித்த காலத்திலும் இதே வழக்கம்தான். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலடிக்கு இறங்குவார். மேலே தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். மூச்சு தாங்குவது ஏறக்குறைய ஒரு நிமிடம். கீழேயிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். ஒரு நொடி அசந்தாலும் போச்சு! அதனால் கயிறு பிடிக்கிற வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். மனைவியின் உடன்பிறந்தவன். தன் தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்கிற நினைப்பு அவன் கையைத் தளரவிடாது என்று கடற்கரையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது கணக்கு. அந்த ஒரு பங்கில், கடலுக்குள் இறங்காமல் கயிறு மட்டும் பிடித்து நின்றவருக்கும் பங்கு உண்டு.

இப்போது அந்த வாசகியின் கேள்விக்கு வருவோம். வீட்டில் கயிறு பிடித்து நிற்பவர் யார் தோழியரே? காலையில் 5 மணிக்கு எழுந்து, பால் வாங்கி, டிபன் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாதக் கடைசியில் பருப்பு டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்து நாளை ஓட்டுகிறவர் யார்? அவருடைய சம்பளத்தில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. ஆகவே அந்த 500 ரூபாய் உங்கள் பங்குதான். தாராளமாகக் கொடுங்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘மிச்சம் பிடித்து’ என்றாரே, அந்த மிச்சம் எதிலிருந்து வந்தது?

ஆட்டோவுக்குப் பதில் பஸ்ஸில் போய் மிச்சம் பிடித்தீர்களா? தீபாவளிக்கு இரண்டு புடவை எடுப்பதில் ஒன்றைக் குறைத்தீர்களா? அது உங்கள் பங்கு. சந்தேகமே இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா நான்கு நாள் காய்ச்சலில் படுத்ததற்குச் சம்பளத்தில் பிடித்தீர்களா? கீரைக்காரப் பாட்டியிடம் கட்டுக்கு 5 ரூபாய் குறைத்தீர்களா? அப்படியானால் அந்த 500 ரூபாயில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுத்தது நீங்கள் அல்ல, அவர்கள். புண்ணியமும் அவர்கள் கணக்கில்தான் ஏறியிருக்க வேண்டும்!

பேரம் பேசுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பேரம் நம் தெருவில் ஒரு பேச்சு. “என்னம்மா, நேத்து குறைச்சுக் கொடுத்தே, இன்னிக்கு ஏத்துறே?” என்று கேட்டு, இரண்டு பேரும் சிரித்து, ஒரு விலைக்கு வந்து, கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையும் வாங்கிக்கொள்வதில் உறவுதான் வளர்கிறது. என் கேள்வி வேறு. சூப்பர் மார்க்கெட்டில் அச்சடித்த விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். கூடை சுமந்து வருகிறவரிடம் மட்டும் ஏன் நமக்கு அவ்வளவு கணக்கு?

மீன் விற்கும் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஏலத்தில் எடுக்க வேண்டும். பலருக்கு அந்தப் பணமே நாள் வட்டிக்கு வாங்கியது. மீன் ஒன்றும் நகை அல்ல, நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வைக்க! வெயில் ஏற ஏற விலை இறங்கும். மதியம் ஆகிவிட்டால், ‘கொடுத்ததைக் கொடுங்கம்மா’ என்கிற நிலைக்கு வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துப் போவதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த மீனைப் பிடித்து வந்தவர்களின் கதை இன்னும் பெரிது. 2024 ஆகஸ்ட் மாதம் தருவைகுளத்து மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தது. வழக்கு நடந்து, அந்த நாட்டு நீதிமன்றம் அவர்களில் பலருக்குக் கோடிக்கணக்கில் அபராதம் விதித்தது. அத்தனை ஆபத்தைத் தாண்டி வருகிற மீனின் விலையைத்தான் வாசற்படியில் நின்று குறைக்கிறோம்.

பணத்தைவிட வலிக்கிற இன்னொன்றும் இருக்கிறது. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் நடந்தது நினைவிருக்கிறதா? மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்திலேயே அவர் நியாயம் கேட்டு முறையிட்ட காட்சி நாடு முழுக்கப் பரவியது. முதலமைச்சரே கண்டித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சரி, அது பஸ். நம் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால், எந்த டம்ளரில் கொடுக்கிறோம்? குளியலறைக்குப் போக வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், என்ன பதில் சொல்கிறோம்? நாள் முழுக்கத் தெருவில் நடக்கிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது பெண்களான நமக்குத் தெரியாதா? இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. ஆனால் உண்டியலில் 100 ரூபாய் போடுவதைவிட இது நமக்குச் சிரமமாக இருக்கிறது.

“நாங்க சுத்த சைவம். மீன்காரம்மா எங்க தெருவுக்கே வர்றதில்லை” என்று சிலர் சொல்லலாம். நல்லது. உப்பு வாங்குவீர்கள் அல்லவா?

உப்பை நாம் மகாலட்சுமி என்கிறோம். வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் வீட்டில் செல்வம் தங்கும் என்று நம்புகிறோம். புதுமனை புகும்போது மஞ்சளும் உப்பும்தான் முதலில் உள்ளே போகும். கைதவறி உப்பைக் கொட்டிவிட்டால் பதறிப்போகிறோம். சாஸ்திரம் சொல்கிற தச தானங்கள் பத்தில் உப்பும் ஒன்று! பசு, பூமி, பொன், வெள்ளி வரிசையில் உப்புக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

அந்த லட்சுமி எங்கே பிறக்கிறாள்? நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தூத்துக்குடிச் சீமையில்தான். வெயில் கொளுத்தக் கொளுத்தத்தான் உப்பு விளையும். நாம் ஏ.சி. போட்டுக்கொள்கிற மாதங்கள்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். உச்சி வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்குவார்கள். பாத்தியில் நிற்கும் உப்புநீர் காலை அரிக்கும். வெள்ளைப் பாளமாகக் கிடக்கும் உப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணை வாங்கும். பெண்கள் தலைச்சுமையாக உப்பைச் சுமந்து அம்பாரம் குவிப்பார்கள். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களோடு பழகி 1979-ல் ‘கரிப்பு மணிகள்’ என்ற நாவலையே எழுதினார். கிடைத்தால் படித்துப் பாருங்கள்; பிறகு உப்பு ஜாடியைப் பழையபடி பார்க்க முடியாது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்தி கரைந்துபோகும்; வேலை இல்லை. அந்த மாதங்களைச் சமாளிக்க அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது, 2022-ல்தான்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று பழமொழி சொல்கிறோம். உப்புப் போட்டுச் சோறு கொடுத்தவரை நினைக்கச் சொன்னது அது. உப்பை விளைவித்தவரையும் அதில் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை என்பது என் எண்ணம்.

சரி, நம் பங்கு எது, அடுத்தவர் பங்கு எது என்று பிரித்தாகிவிட்டது. நம் பங்கே சின்னதாக இருந்தால்? இங்கேதான் புராணம் நம்மை ஒரு இக்கட்டில் நிறுத்துகிறது.

அதிபத்த நாயனாரை நாம் அறிவோம். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த மீனவர் தலைவர். வலையில் விழும் முதல் மீனை ‘இது என் ஐயனுக்கு’ என்று கடலில் விட்டுவிடுவார். பல நாள் ஒரே ஒரு மீன்தான் விழுந்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. சுற்றத்தார் வாடினார்கள். ஒருநாள் விழுந்த ஒரே மீன் பொன்னும் மணியுமாக ஜொலித்தது. அதையும் விட்டார்! ஈசன் இடபத்தின் மேல் காட்சி கொடுத்தார். நாகை காயாரோகணசுவாமி - நீலாயதாட்சி அம்மன் கோயிலில் ஆவணி ஆயில்யத்தன்று இந்த விழாவை இன்றைக்கும் விமரிசையாக நடத்துகிறார்கள். தங்கமீனைக் கடலில் விடுகிற காட்சியைக் காணக் கூட்டம் கூடும்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். அவர் விட்டது யாருடைய மீன்? அவர் பக்திக்குப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்களே! அந்த வீட்டுப் பெண் என்ன சொன்னாள்? கதை அவளைப் பற்றி அதிகம் பேசவில்லை.

பேசுகிற கதை ஒன்று இருக்கிறது. இளையான்குடி மாறநாயனார் கதை. கொட்டும் மழையில், நள்ளிரவில், வாசலில் அடியார் ஒருவர் பசியோடு நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நாயனார் கையைப் பிசைந்துகொண்டு மனைவியிடம்தான் கேட்கிறார். “இன்று காலை வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம்” என்று யோசனை சொல்வது அந்த அம்மாள்தான்! அவர் இருட்டில் போய் முளைநெல்லை அள்ளி வருகிறார். அடுப்பெரிக்க விறகு இல்லை. கூரை வரிச்சை அறுத்துப் போடுகிறார். தோட்டத்தில் முற்றாத கீரையைப் பறித்துத் தருகிறார். அந்த ஒரு கீரையை வைத்தே அம்மாள் விதவிதமாகக் கறி சமைக்கிறார். நாளைய விளைச்சலைக் கொடுப்பதென்று முடிவெடுத்தது இரண்டு பேரும் சேர்ந்து. வீட்டில் ஒருவர் பெருமைக்குக் கொடுக்க, இன்னொருவர் பட்டினி கிடக்கிற கதை அல்ல இது. அதனால்தானோ என்னவோ, அதிபத்தரை வணங்குகிற எனக்கு, இந்த அம்மாளைத்தான் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

புராணத்தில்தானே இதெல்லாம் நடக்கும் என்கிறீர்களா? 2023-ல் இதே தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது!

அந்த வருடம் டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான மழை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டது. கடற்கரையோர மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்கு வந்து, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டார்கள். கடலுக்குப் போக வேண்டிய படகு தெருவுக்குள் ஓடியது! அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் நிலைய அதிகாரி ஜாபர் அலி ரயிலை மேலே போகவிடாமல் நிறுத்தியதால் பெரிய விபத்து தவிர்ந்தது. ரயிலில் சுமார் 800 பேர். முருகனைக் கும்பிட்டுத் திரும்பியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வயதானவர்கள். சுமார் 300 பேரை ஒரு பள்ளிக்குக் கொண்டுபோக முடிந்தது. மற்றவர்கள் 19-ம் தேதி வரை அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம். மின்சாரம் இல்லை. உதவி வந்து சேர வழியே இல்லை.

பக்கத்தில் இருந்தது புதுக்குடி என்கிற சிறிய கிராமம். அந்த மக்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசி, பருப்பைக் கொண்டுவந்து, ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டி, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள். ஒருவேளை அல்ல, உதவி வந்து சேரும்வரை.

வீட்டில் அரிசி டிரம் வைத்திருக்கிற நமக்கு இதன் பொருள் புரியும். வெள்ளம் எப்போது வடியும் என்று தெரியாது. கடை எப்போது திறக்கும் என்று தெரியாது. தங்கள் பிள்ளைகளுக்கே நாளைக்கு வேண்டும். அந்த நேரத்தில் டிரம்மைத் திறந்து படியால் அளக்கிற கை ஒரு கணம் நின்றிருக்காதா? நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நின்ற பிறகும் அளந்திருக்கிறது.

கொடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசினோம். வாங்குகிறவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டாமா?

அன்னதான வரிசையில் நிற்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? கோயில் வாசலில் நீட்டிய கையில் நாணயத்தைப் போடும்போது, விரல் படாமல் மேலிருந்து போடுகிறோமே, ஏன்? போட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறோமா? பிறந்தநாள் என்று இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுகிறோம். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று நல்ல சாப்பாடு கிடைத்தது உண்மை. யாரோ ஒருவருடைய ஆல்பத்தில் தான் ஏழையாக நிற்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். சாப்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டு, கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

வாங்குகிறவர் எப்போதும் வாங்குகிறவராகவே இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பை உடைத்தவர் ஒருவர் இதே மாவட்டத்தில் உண்டு. சாத்தான்குளம் வட்டாரத்து ஆலங்கிணற்றைச் சேர்ந்த பூல்பாண்டியன். குடும்பத்தை விட்டு விலகி, ஊர் ஊராகப் பிச்சை எடுத்து வாழ்ந்த முதியவர். காவி வேட்டி, தாடி, கழுத்தில் மாலை. நம் கோயில் வாசல்களில் நாம் கடந்துபோகிற நூறு பேரில் ஒருவர் போலத்தான் இருப்பார். சேர்ந்த காசைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், அரசுப் பள்ளிகளுக்கு மேஜை, நாற்காலி வாங்கக் கொடுத்து வந்தார். 2020-ல் கொரோனா ஊரடங்கில் மதுரையில் இருந்தவர், மே மாதம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நிவாரண நிதிக்காக 10,000 ரூபாய் கொடுத்தார். மறுபடி காசு சேர்ந்ததும் மறுபடி போய்க் கொடுத்தார். இப்படிப் பல முறை! அந்த ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி மதுரை ஆட்சியர் அவரைக் கௌரவித்தார். பிறகும் வேறு வேறு மாவட்டங்களின் ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போய்க் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த 10,000 ரூபாய் ஒவ்வொன்றும் எத்தனை நாணயங்களாக, எத்தனை பத்து ரூபாய் நோட்டுகளாகச் சேர்ந்ததோ! எந்த ஊர், எந்தக் கோயில் வாசல், எந்த அம்மா அவசரமாகப் பர்ஸைத் திறந்து போட்டுவிட்டுப் போனது என்று அவருக்கும் தெரியாது, ஆட்சியருக்கும் தெரியாது. உங்களுடைய ஒரு ரூபாயும் அதில் இருந்திருக்கலாம்.